ஊரில் காற்றாலைக்கு நிலம் கேட்கிறார்கள்: கையெழுத்துப் போடுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கரிசல்_ஈசூன்

எல்லாருக்கும் வணக்கம். கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் எங்கள் குடும்பத்துக்கு ஆறரை ஏக்கர் மானாவாரிக் கரிசல் நிலம் இருக்கிறது. கூட்டுப் பட்டா. அப்பா, காலமான பெரியப்பா, இரண்டு அத்தைகள் என நான்கு பங்கு. பெரியப்பா மகன் சிங்கப்பூர்க் குடிமகன், நான் இங்கே சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கிறேன்.

காற்றாலைக் கம்பெனி சார்பாக ஒரு தரகர் 30 வருடக் குத்தகை கேட்கிறார். 3 மெகாவாட் இயந்திரம், கோபுரம் 140 மீட்டர், இறக்கை சுற்றும் வட்டம் 140 மீட்டர் விட்டம் என்கிறார். “நீங்கள் வரவே வேண்டாம், ஒரு பவர் பத்திரம் மட்டும் போட்டு அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்துகிறார்.

நிலம் ரிப்பன் மாதிரி. கிழமேல் அகலம் 80 மீட்டர், தென்வடல் நீளம் 330 மீட்டர். சரிவு மேற்கிலிருந்து கிழக்கு. தெற்கு ஓரத்தில் ஓடை, கண்மாய்க்குப் போகும் வரத்து அதுதான். வடக்கே ஊர். நிலத்தின் நடுவிலிருந்து முதல் வீடு 320 மீட்டர்.

சத்தம், நிழல், மழை என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது உண்மை? பத்திரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

---

காற்றுமானி

முதலில் கணக்கு. தரகர் சொல்வதை அப்புறம் பார்ப்போம்.

140 மீட்டர் வட்டம் எவ்வளவு பெரிது என்பது காகிதத்தில் உறைக்காது. சிங்கப்பூர் ஃபிளையர் சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர். ஏறக்குறைய அந்தச் சக்கரத்தைத் தூக்கி அதன் மையம் தரையிலிருந்து 140 மீட்டர் உயரத்தில் வருமாறு நிறுத்திக்கொள்ளுங்கள். நுனி 210 மீட்டருக்குப் போகும். டக்ஸ்டனில் இருக்கும் 50 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடமே 156 மீட்டர்தான்.

இறக்கையின் நீளம் 70 மீட்டர். உங்கள் நிலத்தின் அகலம் 80. கோபுரத்தை நட்ட நடுவில் வைத்தாலும் இருபுறமும் 40 மீட்டர்தான் உங்களுடையது, மீதி 30 மீட்டர் இறக்கை பக்கத்து நிலத்துக்காரர் தலைக்கு மேல் சுற்றும். அவரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பின்னால் தடையாணை வாங்கிவிடுவார். இதே ஆறரை ஏக்கர் சதுரமாக இருந்திருந்தால் பக்கம் 162 மீட்டர், இறக்கை உள்ளேயே அடங்கியிருக்கும்.

அடுத்து தூரம். மத்திய அரசின் 2016 வழிகாட்டு நெறிகளில் இரண்டு அளவு உண்டு. சாலை, ரயில் பாதை, கட்டடம், உயர் அழுத்த லைன் ஆகியவற்றிலிருந்து கோபுர உயரம், இறக்கை வட்டத்தில் பாதி, கூட 5 மீட்டர். உங்கள் இயந்திரத்துக்கு 140 + 70 + 5 = 215 மீட்டர். இது கோபுரம் சாய்ந்தால் விழும் தூரத்துக்கான கணக்கு. குடியிருப்புக்குச் சத்தம் கருதி 500 மீட்டர். இந்த நெறிகளுக்குப் பிற்பாடு திருத்தங்கள் உண்டு, நடப்புப் பிரதியைக் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் அளவைப் போட்டுப் பாருங்கள். நடுவில் வைத்தால் வீட்டுக்கு 320. 500 ஆக்க வேண்டுமென்றால் தெற்கே 180 மீட்டர் நகர்த்த வேண்டும். நடுவிலிருந்து உங்கள் தெற்கு எல்லையே 165 மீட்டரில் முடிந்துவிடுகிறது, அதுவும் ஓடையில். அதாவது, 500 மீட்டரை மதிக்கும் கம்பெனி உங்கள் நிலத்தில் கோபுரம் வைக்கவே முடியாது. அப்படியிருக்க உங்களை ஏன் கேட்கிறார்கள்? வழிக்கோ லைனுக்கோ இருக்கலாம். குத்தகை வரைவில் “காற்றாலை மற்றும் அது சார்ந்த பணிகள்” என்று இருக்கிறதா பாருங்கள். கோபுரத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு இட வரைபடம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

சத்தம்: இந்த அளவு இயந்திரம் முழு வேகத்தில் மூலத்தில் சுமார் 105 டெசிபெல். திறந்த வெளியில் 320 மீட்டரில் அது 45-ஐ ஒட்டி வரும், 500 மீட்டரில் 41 அளவில். இந்திய ஒலி மாசு விதிகளின்படி (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45, பகல் 55. சம தூரத்தில் இரண்டு இயந்திரம் நின்றால் 3 டெசிபெல் கூடும். எண் சின்னதாகத் தெரியும். ஆனால் கரிசல் காட்டு ராத்திரி 30-க்கும் கீழே இருக்கும் இடம், அதில் ஒவ்வொரு இறக்கையும் கீழிறங்கும்போது வரும் “வூஷ்… வூஷ்…” தனியாகக் காதில் விழும். தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஏற்ற இறக்கம். சராசரி டெசிபெல்லில் அது பதிவாகாது.

நிழல்: உங்கள் ஊருக்கு இந்தப் பயம் குறைவு. இறக்கை நிழல் நீளமாக விழுவது சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும், மேற்கிலும் கிழக்கிலும். வடக்கே விழுவது மார்கழி நடுப்பகலில். அப்போதும் சூரியன் சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்பதால் 210 மீட்டர் நுனியின் நிழல் 135 மீட்டருக்கு மேல் போகாது. கோபுரத்துக்குக் கிழக்கிலோ மேற்கிலோ ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் கதை வேறு. ஜெர்மனியில் மோசமான நிலைக் கணக்காக ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்ற உச்சவரம்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவில் அதற்கென்று சட்ட வரம்பு கிடையாது, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. வலிப்பு வரும் என்ற பேச்சுக்கு அடிப்படை குறைவு: நிமிடத்துக்கு 12 சுற்று, மூன்று இறக்கை, ஆக நொடிக்கு 0.6 துடிப்பு. ஆபத்து நொடிக்கு 3-க்கு மேல்தான்.

---

தோபாயோ_மணி

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். இவ்வளவு தொல்லை எதற்கு, நம்ம சிங்கப்பூரில் கடலோரமாக நாலு நட்டு வைக்கக் கூடாதா? மழையை விரட்டுமாமே, இங்கே அது நல்லதுதானே 😄

---

காற்றுமானி

காற்று போதாது, மணி. வணிக அளவு காற்றாலைக்கு நொடிக்கு 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். இங்கே சராசரி சுமார் 2. திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 7 மீட்டர் காற்றில் கிடைப்பதில் நாற்பதில் ஒரு பங்குதான் 2 மீட்டரில் கிடைக்கும். செமாக்காவ் தீவில் 2017-ல் நட்டது ஆய்வுக்காக. தெங்கே நீர்த்தேக்கத்தில் 45 ஹெக்டரில் சூரியத் தகடு மிதக்கவிட்டதும், வியட்நாம் கடல் காற்றாலை மின்சாரத்தை இறக்குமதி செய்ய 2023-ல் நிபந்தனை ஒப்புதல் கொடுத்ததும் இந்தக் கணக்கால்தான். கயத்தாறில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கிற காற்று இயற்கை கட்டிய குழாய், அது இங்கே இல்லை.

மழை: மேகம் நிற்பது இதற்குப் பல மடங்கு உயரத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால்தான் அங்கே மழை குறைவு, கணவாய்க் காற்று அதிகம். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றைச் செய்ததாகத் தெரிகிறது. இயந்திரத்தை ஒட்டி இரவில் தரையோரக் காற்று கலங்கி வெப்பம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

---

வில்லங்கம்

பத்திரப் பக்கம் நான் சொல்கிறேன்.

தரகர் கேட்பது பொது பவரா, தனி பவரா? பொது பவர் வேண்டவே வேண்டாம். அதில் “விற்கவும், அடமானம் வைக்கவும்” என்ற இரண்டு சொல் நுழைந்தால் நிலம் போச்சு. தனி பவரில் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, யாரிடம் எத்தனை ஆண்டுக் குத்தகை, முன்தொகை யார் கணக்கில், பவர் காலாவதியாகும் தேதி எல்லாம் வேண்டும். “விற்பனை, தானம், அடமானம் செய்ய அதிகாரம் இல்லை” என்று தனி வரி. பவரைத் தரகருக்கோ கம்பெனி ஆளுக்கோ எழுதாமல் உங்கள் அப்பாவுக்கோ அத்தைக்கோ எழுதுங்கள்.

இங்கே செய்யும் முறை: ஒன்று, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம். இல்லையென்றால் நோட்டரி முன் கையெழுத்து, பிறகு சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று முத்திரை). அப்போஸ்டில் உடன்படிக்கை சிங்கப்பூருக்கு 16 செப்டம்பர் 2021 முதல் நடப்பில் இருக்கிறது, இந்தியாவில் அதற்கும் முன்பே. காகிதம் இந்தியாவில் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், பல பேர் கோட்டை விடுவது இதில்தான். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது: பெரியப்பாவுக்கு வாரிசுச் சான்று வாங்கி அவர் பங்கைப் பட்டாவில் ஏற்றுங்கள். அத்தைகள் “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்பா” என்று வாயால் சொன்னால் செல்லாது. ஒன்று அவர்களும் குத்தகையில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லை பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். 30 வருடத்தில் அவர்கள் பிள்ளைகள் கேட்பார்கள். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு எங்கே முடிகிறது, பட்டா எங்கே தொடங்குகிறது என்று சர்வேயரை வைத்துக் கல் நடுங்கள்.

பெரியப்பா மகன் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் ஒரு விஷயம். விவசாய நிலம் அவருக்கு வாரிசாக வரலாம், விலைக்கு வாங்க முடியாது. ஆகவே “அத்தை பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன்” என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். குத்தகைப் பணம் விவசாய வருமானமும் ஆகாது. வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு அங்கேயே வரி பிடித்துத்தான் கொடுப்பார்கள், என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தை வாங்கும் வங்கிக் கணக்கு) வாங்க வேண்டும்.

குத்தகைக்குள்ளே: ஆண்டு வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் ஏறும், கம்பெனி கைமாறினால் புதியவருக்கும் எல்லாப் பொறுப்பும் ஒட்டுமா, 2 வருடத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்தாகுமா. கடன் கொடுக்கும் வங்கியிடம் தன் குத்தகை உரிமையை அடகு வைக்கக் கம்பெனி அனுமதி கேட்கும், அது வழக்கம்தான். நிலத்தையே அடகு வைப்பதாக வாசகம் இருக்கக் கூடாது.

---

கரிசல்_ஈசூன்

காற்றுமானி அண்ணன் சொன்னது சரியாகப் போய்விட்டது. வரைபடம் கேட்டேன், நாலு நாள் இழுத்துவிட்டு அனுப்பினார்கள். கோபுரம் எங்களுக்கு மேற்கே, வேறொருவர் நிலத்தில். எங்கள் நிலத்தில் வடக்கிலிருந்து தெற்கு வரை 6 மீட்டர் சாலை, அதை ஒட்டி 33 கேவி (கிலோவோல்ட்) மின் லைன். தெற்குப் பக்கம் சாலை மேற்கே திரும்புகிறது. கோபுரமே இல்லை என்றால் எங்களுக்கு ஒன்றும் பெரிய பாதிப்பு இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

மண்ணும்_தண்ணியும்

தலைகீழ், தம்பி. காற்றாலை வந்த கரிசல் ஊர்களில் விவசாயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சாலைதான். கோபுரம் ஓரமாக நின்று சுற்றிக்கொண்டிருக்கும், சாலை தண்ணியை மறிக்கும்.

பரப்பைப் பாருங்கள். சாலை 6 × 330 = 1,980 சதுர மீட்டர், கிட்டத்தட்ட அரை ஏக்கர். 33 கேவி லைனுக்கு 15 மீட்டர் வழித்தடம், 4,950 சதுர மீட்டர், ஒன்றேகால் ஏக்கர். லைனுக்கு அடியில் உளுந்து போடலாம், பனை நிற்க முடியாது. வரப்பில் பனை இருந்தால் எண்ணி எழுதுங்கள். வழித்தட இழப்பீட்டுக்கான மத்திய அரசின் நெறிகள் 66 கேவியும் அதற்கு மேலும் உள்ள லைனுக்குத்தான், உங்கள் 33 அதில் வராது. பேரம் பேசி வாங்குவதுதான் வழி. முடிந்தால் லைனைச் சாலை ஓரத்தில் நிலத்தடிக் கேபிளாகக் கேளுங்கள்.

அந்த தெற்குத் திருப்பம் வரைபடத்தில் அழகாக வளைந்திருக்கும். 70 மீட்டர் இறக்கையை ஏற்றிய வண்டி திரும்பும்போது வால் பகுதி சாலைக்கு வெளியே வீசிக்கொண்டு போகும். அந்த மூலை முழுக்கச் சமன் செய்து சரளை கொட்டுவார்கள். “தற்காலிகம்” என்பார்கள். எடுத்துவிட்டு மேல்மண்ணைத் திரும்பப் போடும் தேதி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் சரளை அங்கேயேதான் கிடக்கும்.

இப்போது தண்ணி. உங்கள் சரிவு மேற்கிலிருந்து கிழக்கு, சாலை வடக்குத் தெற்கு. அதாவது 330 மீட்டர் நீளத்துக்கு ஒரு கரை கட்டுகிறார்கள். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், பாரம் தாங்காது. நாசெல் (கோபுர உச்சியில் உட்காரும் இயந்திரப் பெட்டி) மட்டும் 80 டன்னுக்கு மேல் இருக்கும், அடித்தளத்துக்கு 500 கன மீட்டர் கான்கிரீட் என்றால் 6 கன மீட்டர் லாரி எண்பது நடைக்கு மேல், அதுவும் இடையில் நிறுத்தாமல் ஒரே வார்ப்பாக. அதனால் சரளையை அரை மீட்டருக்குக் குறையாமல் கொட்டி உயர்த்துவார்கள். ஐப்பசி மழையில் மேற்கிலிருந்து பரவலாக வரும் தண்ணி அந்தக் கரையில் முட்டி நிற்கும். உளுந்து, பாசி வேர் மூன்று நாள் தண்ணியில் நின்றால் அழுகிவிடும். கிழக்குப் பக்கத்துக்காரர் தண்ணியே வரவில்லை என்று சண்டைக்கு வருவார். கண்மாய்க்கு வரத்து குறைந்தால் ஊரே உங்களைக் கேட்கும். கம்பெனியை யாரும் கேட்க மாட்டார்கள்.

“குழாய் போட்டுத் தருகிறோம்” என்பார்கள். அங்கேதான் சூட்சுமம். அடைக்காத குழாய் என்றால் 900 மில்லிமீட்டர் உள்விட்டம் வேண்டும், 450, 600 எல்லாம் சீமைக்கருவேல முள்ளும் வண்டலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கனரக வண்டி போவதால் என்பி4 தரம். குழாயின் வெளி உயரம் சுமார் 1.1 மீட்டர், மேலே 60 சென்டிமீட்டர் மண் மூடல், ஆக அந்த இடத்தில் சாலை 1.7 மீட்டர் எழும்ப வேண்டும். கிரேன் அந்த மேட்டில் ஏறாது என்று சொல்லிக் குழாயைத் தரைக்குள் புதைத்துவிடுவார்கள். புதைத்த குழாயின் அடிமட்டம் வயல் மட்டத்துக்குக் கீழே போய்விடும், முதல் மழைக்கே மண் மூடும். அடுத்த வருடம் அங்கே குழாய் இருப்பதே யாருக்கும் தெரியாது.

பரவலாகத் தண்ணி வரும் கரிசலுக்குச் சரியானது தரைப்பாலம். 80 மீட்டருக்கு ஒன்றாக நாலு இடத்தில் சாலையை வயல் மட்டத்துக்கே இறக்கி, 10 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் தளம், இருபுறமும் மண் அரிக்காமல் கல் பதித்து விடுவது. தண்ணி மேலே ஓடிப் போகும், வண்டியும் போகும். ஓடையை நெருங்கும் தெற்கு முனையில் மட்டும் பெட்டிப் பாலம். ஓடையில் கை வைக்க வேண்டுமென்றால் அது புறம்போக்கு, உங்கள் அனுமதி போதாது, வருவாய்த் துறையிடம் போக வேண்டும்.

காலமும் முக்கியம். வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றில் இறக்கை ஏற்ற முடியாது, நொடிக்கு 8 முதல் 10 மீட்டரைத் தாண்டினால் கிரேன் நிற்கும். ஆகவே தூக்கும் வேலை முழுக்க ஐப்பசிக்குப் பிறகுதான் வரும். உங்கள் விதைப்பும் அப்போதுதான். ஈரக் கரிசலில் கனரக வண்டி இறங்கினால் அடிமண் இறுகிவிடும், மேலே நாலு உழவு உழுதாலும் சரியாகாது. சாலை வேலை சித்திரைக்குள் முடிய வேண்டும், மழைக்காலத்தில் சாலையை விட்டு ஒரு சக்கரமும் வயலில் இறங்கக் கூடாது என்று எழுதுங்கள்.

---

செம்பவாங்_ரிக்கர்

மேலே சொன்னதோடு இரண்டே விஷயம். ஒன்று, இயந்திரத்தைக் கழற்றும் பொறுப்பு. 20, 25 வருடம் கழித்து எஃகுக்கு விலை கிடைக்கும், இறக்கை கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது, உருக்க முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள். வயலோரத்தில் மூன்று துண்டாக அறுத்துப் போட்டுவிட்டுப் போன இடங்கள் உலகமெங்கும் உண்டு. கம்பெனி திவாலானாலும் பணம் வரும்படி வங்கி உத்தரவாதம் கேட்கச் சொல்லி மேற்கு நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள். அடித்தளம் தரைக்குக் கீழ் ஒரு மீட்டர் வரை உடைத்து எடுக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். கியர் பெட்டி எண்ணெய் சில நூறு லிட்டர் இருக்கும், கசிந்தால் மண்ணை அள்ளிப் போகும் பொறுப்பும் அவர்களுடையதே.

இரண்டு, ஊருக்கு என்ன கிடைக்கும். கட்டும்போது ஒரு வருடம் வேலை இருக்கும், அப்புறம் காவலாளும் ஒன்றிரண்டு டெக்னீஷியனும்தான். “ஊருக்கே வேலை” என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் காற்றாலை இல்லை, அதனால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமே கிடையாது. ஊருக்கு இருக்கும் ஒரே மேடை கிராம சபை, ஆண்டுக்கு ஆறு. கோயில் கொடைக்குக் கம்பெனி தரும் நன்கொடையில் பேச்சு முடிந்துவிடாமல், வரத்தைப் பராமரிப்பது யார் என்று தீர்மானம் போட்டுப் பஞ்சாயத்து எழுத்தில் வாங்கட்டும். வெளிநாட்டு வளர்ச்சி வங்கிக் கடன் இருந்தால் சமூக, சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை இருக்கும், அதில் குறை தீர்க்கும் வழியும் இருக்கும். கடன் எங்கிருந்து என்று கேளுங்கள்.

---

கரிசல்_ஈசூன்

பவரை நிறுத்திவிட்டேன். தரைப்பாலத்தைப் பத்திரத்தில் எப்படி எழுதுவது? “போதிய வடிகால் வசதி செய்து தரப்படும்” என்று வரைவில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது.

---

மண்ணும்_தண்ணியும்

“போதிய” என்ற சொல்லை அடித்துவிடுங்கள், நீதிமன்றத்தில் அதற்கு எடை கிடையாது. இப்படி எழுதலாம்:

“சாலையின் மேல்மட்டம், இணைப்பு வரைபடத்தில் குறித்துள்ள 4 இடங்களில் தலா 10 மீட்டர் நீளத்துக்கு, மேற்குப் பக்க வயல் மட்டத்தைவிட உயரக் கூடாது. அந்த இடங்களில் கான்கிரீட் தரைப்பாலம் கனரக வண்டி இறங்குமுன் கட்டி முடிக்கப்படும். ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் வண்டல் அகற்றுவது குத்தகைதாரர் பொறுப்பு. தவறினால் நிலத்தவர் செய்துகொண்டு செலவை வாடகையோடு சேர்த்து வசூலிக்கலாம்.”

வயல் மட்டம் எது என்று பின்னால் தகராறு வரும். இப்போதே ஒரு சர்வேயரை வைத்து 20 மீட்டர் கட்டமாக மட்டம் எடுத்து, சாலையோ லைனோ தொடாத ஒரு கிணற்றுத் திண்ணையையோ கோயில் படியையோ அடிப்படைப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். 330 × 80-க்குச் சுமார் 85 புள்ளி வரும், ஒரு நாள் வேலை. அந்தத் தாளில் இருதரப்பும் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தோடு இணைப்பாகப் பதிய வேண்டும்.